கேட்காத பதிவேட்டைத் தொடங்காதீர்கள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகும் இருவர் வகுப்பிலும் விளக்கு எரிகிறது. போன வாரம் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒரு நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இது என்ன பதிவேடு என்று கேட்டேன். "யாரும் கேக்கல டீச்சர், நானாதான் வச்சுக்கறேன். பின்னாடி யாராவது கேட்டா காட்டலாம்ல?" என்றார்.

அதே பதிலை அதே வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சீக்கிரம் தூங்குங்கள், செய்ய வேண்டியதைப் பட்டியல் போடுங்கள், கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வேலை ஏன் தீரவில்லை என்பதுதான் கேள்வி.

யாரும் கேட்காத பதிவேட்டைத் தொடங்குவது

நான் வேலைக்கு வந்த மூன்றாவது ஆண்டு. மூன்றாம் வகுப்பு, 38 பிள்ளைகள். 'தினசரி கவனிப்புப் பதிவேடு' என்று ஒன்றை நானே ஆரம்பித்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, வாசிப்பு, எழுத்து, கணக்கு, நடத்தை என்று நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் நன்று, சுமார், கவனிக்க என்று ஏதாவது ஒன்று. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 152 கட்டம், வாரத்துக்கு 760. தினமும் முக்கால் மணி நேரம் அதற்கே போனது. கேட்டால் என்னிடம் எல்லாம் இருக்கிறது என்ற தைரியம் வேண்டும் என்று நினைத்தேன். பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

அந்த ஆண்டு பள்ளியைப் பார்வையிட வந்தவரிடம் தலைமை ஆசிரியர் அந்த நோட்டைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லா வகுப்பிலும் இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். அடுத்த ஆண்டு எல்லா வகுப்புக்கும் அது கட்டாயம் ஆனது. ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்த ஒரு மூத்த ஆசிரியை ஒரு மாலையில் என்னிடம் வந்து, கோபமே இல்லாமல், "ஏம்மா, நாங்க உனக்கு என்ன பண்ணினோம்?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க முடியும்? இன்று வரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதைவிட வலிப்பது இன்னொன்று. அந்த வகுப்பில் ஒரு பையனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் கடைசி வரிசையில் தற்செயலாக அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, கண் பரிசோதனை செய்து, கண்ணாடி போட்ட பிறகு ஒரே மாதத்தில் அவன் எழுத்து மாறிவிட்டது. அப்புறம் என் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மாதமாக அவன் வரியில் 'எழுத்து: சுமார்', 'எழுத்து: சுமார்' என்று வரிசையாக இருந்தது. எழுதியது நான். படிக்காததும் நான். தினமும் எழுதுகிற பதிவேட்டை யாரும் திரும்பப் படிப்பதில்லை, எழுதி முடிப்பதற்கே நேரம் போய்விடுகிறது. அதுவும் பள்ளி விட்ட பிறகு நினைவிலிருந்து எழுதும்போது, இருபதாவது பிள்ளை வருவதற்குள் இன்று நடந்தது எது, நேற்று நடந்தது எது என்றே தெரியாமல் போகிறது, கை தானாகவே நேற்றைய குறியை இன்றைய கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறது.

பல ஆண்டு கழித்து ஒரு விஷயம் படித்தேன். இங்கிலாந்தில் ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைக்க வழி சொல்லும்படி அமைத்த மூன்று குழுக்கள், நோட்டுத் திருத்துவது, பாடம் திட்டமிடுவது, விவரம் திரட்டுவது என்று தலைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு 2016-இல் அறிக்கை கொடுத்தன. விவரக் குழு சொன்னதில் ஒன்று: ஒருமுறை திரட்டு, பலமுறை பயன்படுத்து. 2018-இல் வந்த இன்னொரு ஆலோசனைக் குழு, பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறைக்கு மேல் திரட்ட வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை! நான் ஒரு நாளைக்கு 152 கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

சரி, என்ன செய்யலாம்? புது நோட்டில் கட்டம் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதை யார் படிக்கப்போகிறார்கள், எப்போது படிப்பார்கள், படித்த பிறகு வகுப்பில் எது மாறும். மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால் நோட்டை மூடிவிடுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்களா, ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இன்றைய தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டு நிறுத்துங்கள்.

நான் இப்போது வைத்திருப்பது கைக்கு அடக்கமான ஒரு சின்ன நோட்டு. எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதாவது நடந்தால் மட்டும் எழுதுவேன். கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறினான், இன்று முதல்முறை சத்தமாக வாசித்தாள், இப்படி. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு பெயர் வரும், சில நாள் ஒன்றுமே வராது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதைப் புரட்டி, ஒரு தடவை கூட வராத பெயர்கள் எவை என்று பார்ப்பேன். அமைதியாக உட்கார்ந்து, தொந்தரவே கொடுக்காமல், கண்ணில் படாமலே இருந்துவிடுகிற பிள்ளைகள் அவர்கள்தான். அடுத்த வாரம் முதலில் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவேன்.

மேலே இருந்து புதிதாக ஒன்றைக் கேட்டால் மறுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கேட்பதற்கு இடம் உண்டு. "ஏற்கெனவே எழுதுற எந்தப் பதிவேட்டுலயும் இல்லாத என்ன விவரம் இதுல வேணும் சார்?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பாதி நேரம், இருக்கிற பதிவேட்டையே காட்டினால் போதும் என்று பதில் வரும்.

ஒரே விவரத்தை நான்கு இடத்தில் எழுதுவது

சேர்க்கை எண், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொலைபேசி எண். ஆண்டு தொடக்கத்தில் ஒரே ஒரு பட்டியலில் இதைச் சரியாக எழுதி, மூலச் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு எந்தப் படிவம் வந்தாலும் அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்து எழுதுங்கள். நகலைப் பார்த்து நகல் எழுதினால் பிறந்த தேதியில் 1 என்பது 7 ஆகிவிடும், பிள்ளை வேறு பள்ளிக்கு மாறும் நாளில்தான் அது தெரியவரும், அப்போது அந்தப் பெற்றோர் அலைகிற அலைச்சலை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எல்லா நோட்டையும் வீட்டுக்குச் சுமந்து போவது

சிவப்பு மையில் நீளமாகக் குறிப்பு எழுதினால்தான் நல்ல ஆசிரியர் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். ஏழு வயதுப் பிள்ளையால் அதை வாசிக்கவே முடியாது. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் விஷயத்தில் 1988-இல் ரூத் பட்லர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். பக்கத்தில் மதிப்பெண்ணும் இருந்தபோது குறிப்பால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்படியென்றால் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து 7/10 போட்டு, அதன் கீழே மூன்று வரி எழுதியது யாருக்கு?

பிள்ளைகள் எழுதும்போதே பேனாவோடு வரிசைக்கு நடுவில் நடங்கள். அங்கேயே வாயால் சொல்லித் திருத்தினால் அந்தப் பிள்ளை உடனே மாற்றி எழுதும். மீதிக்கு, வெவ்வேறு நிலையில் இருக்கிற ஆறு பேருடைய நோட்டை மட்டும் எடுத்துப் படியுங்கள், வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். மறுநாள் காலை பத்து நிமிடம் அதையே எல்லாருக்கும் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் பள்ளியில் எல்லா நோட்டிலும் கையெழுத்து வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் கையெழுத்துப் போடுவதும் திருத்துவதும் வேறு வேறு வேலை, இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தவர் பாடக்குறிப்பை அப்படியே பார்த்து எழுதுவது

அவர் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இல்லை.

பெற்றோர் குழுவில் இரவில் பதில் போடுவது

ஒருமுறை போட்டால் அந்த நேரமும் உங்கள் வேலை நேரம் ஆகிவிடும்.

பாட நேரத்தில் படிவம் நிரப்புவது

"அவசரம், இப்பவே வேணும்" என்று ஒரு தாள் வரும். நாம் உடனே பிள்ளைகளிடம் கரும்பலகையைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுக் குனிந்துவிடுவோம். அப்படி நான் குனிந்திருந்த ஒரு பத்து நிமிடத்தில் ஒரு குழந்தை ரப்பர் துண்டை மூக்கில் திணித்துக்கொண்டது. மருத்துவரிடம் கொண்டுபோய் எடுத்துவிட்டோம், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாளோ மறுநாள் மதியம் வரை அலுவலக மேசையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து அவசரம் என்று யார் சொன்னாலும் எத்தனை மணிக்குள் வேண்டும் என்று கேட்கிறேன், பெரும்பாலும் மாலைக்குள் என்றுதான் பதில் வருகிறது.

சுமையைக் கணக்கில்லாமல் சொல்வது

வேலை அதிகம் என்று பொதுவாகச் சொன்னால் எல்லாருக்கும்தான் அதிகம் என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் நான்கு பேர் ஒரு வாரம் மட்டும் ஒரு தாளில் குறித்து வைத்தோம்: எந்தப் பதிவேடு, எத்தனை நிமிடம், அதே விவரம் வேறு எங்கே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனோம். அவர் கோபப்படவில்லை, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவ்வளவு நேரம் போகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பதிவேட்டை ஒன்றாக்கினார், ஒன்றை வேண்டாம் என்று நிறுத்தினார். நிறுத்தியது நான் தொடங்கி வைத்த அந்தத் தினசரி கவனிப்புப் பதிவேட்டைத்தான். அதற்குள் நான்கு ஆண்டு போயிருந்தது, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆசிரியையும் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.