கல் பதிக்கும் முன், மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஒன்ராறியோ கிராமப்புறத்தில் வீடு வாங்குவோருக்கு

பீற்றர்பரோ பக்கமோ கவார்த்தா லேக்ஸ் பக்கமோ ஒரு ஏக்கர் வளவோடு வீடு வாங்கியதும் நம்மவர்களுக்கு முதலில் வரும் ஆசை முற்றம்தான். இன்ரர்லொக் கல் பதிக்க வேண்டும், வாகனப் பாதையை அகலமாக்க வேண்டும், சரிவில் ஒரு தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். சொந்தக் காணிதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் வீட்டின் பின்புறம் மரம் எதுவுமின்றிச் சமதளமாக ஒரு புல்வெளி. வளவிலேயே புல் பச்சைப்பசேல் என்று நின்ற இடம் அதுதான். கல் பதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று ஆள் பிடித்தேன். சிறிய மண்வெட்டும் இயந்திரம் நாலைந்து தடவை அதன்மேல் போய் வந்த பிறகுதான் பக்கத்துப் பண்ணைக்காரப் பெரியவர் வேலியோரம் வந்து, "அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியுமா?" என்று கேட்டார். ஒரு முனையைத் தோண்டிப் பார்த்தோம். துளையிட்ட குழாய் நசுங்கி, சுற்றியிருந்த சல்லிக்கற்களுக்குள் கறுத்த நீர் தேங்கி நின்றது. அது செப்ரிக் படுகை. அந்தப் பச்சைக்குக் காரணமும் அதுவே.

கிராமப்புற வீடுகள் பெரும்பாலானவற்றுக்கு நகரக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. வீட்டுக் கழிவுநீர் வளவிலேயே புதைத்த செப்ரிக் தொட்டிக்குப் போகிறது. தொட்டியிலிருந்து வழியும் நீர் இந்தப் படுகையில் ஊறி மண்ணுக்குள் இறங்குகிறது. அதற்குக் காற்றும் இளகிய மண்ணும் வேண்டும். மேலே கல் பதித்தாலும் வாகனம் நிறுத்தினாலும் படுகை செத்துவிடும். புதிதாக அமைப்பது பெருஞ்செலவு. ஆகவே முதல் வேலை, உங்கள் செப்ரிக் அமைப்பின் வரைபடத்தைத் தேடி எடுப்பது. சில இடங்களில் அது நகராட்சியிடம் இருக்கும். சில இடங்களில் பொதுச் சுகாதாரப் பிரிவிடம் இருக்கும்.

கிணற்றையும் மறக்காதீர்கள். துளைக் கிணற்றின் இரும்புக் குழாய் நிலமட்டத்துக்கு மேல் குறைந்தது 40 சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மாகாண விதி. அழகுக்காக மண்ணை உயர்த்தி அதைப் புதைத்தால், மழைநீர் நேரே நீங்கள் குடிக்கும் நீரில் கலக்க வழி செய்கிறீர்கள்.

இனி அனுமதி. நிலத்தோடு ஒட்டிப் பதிக்கும் கல் முற்றத்துக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவைப்படாது. தரையிலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரும் மரத்தளத்துக்குப் பெரும்பாலான இடங்களில் வேண்டும். 1 மீற்றரைத் தாண்டிய தடுப்புச்சுவர் பொது இடத்தையோ வீட்டுக்குள் நுழையும் வழியையோ ஒட்டியிருந்தால் அதற்கும் வேண்டும். கட்டட அனுமதி தேவையில்லை என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். மண் கொட்டுவதற்கும் நிலமட்டத்தை மாற்றுவதற்கும் பல நகராட்சிகள் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

வாகனப் பாதை தெருவைத் தொடும் இடத்துக்கு நுழைவு அனுமதி தனியாக வேண்டும். தெரு யாருடையது என்பதைப் பொறுத்து நகராட்சி, கவுண்டி, மாகாணப் போக்குவரத்து அமைச்சு என்று கேட்க வேண்டிய இடம் மாறும். தெருவோரக் கானை மூடிவிடாதீர்கள். பாதைக்குக் கீழே மதகுக் குழாய் எந்த அளவில் போட வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் அந்தக் கானில் ஓடும் நீரை ஒரு தடவை பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

ஆறு, ஏரி, சதுப்பு நிலம் அருகில் இருந்தால் நீர்நிலைப் பாதுகாப்பு அதிகார சபையையும் கேட்க வேண்டும். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி ரொறன்ரோப் பகுதியில் 81 உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான் வெள்ளச் சமவெளியில் கட்டுவதை இந்தச் சபைகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தத் தொடங்கின. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஈரநிலத்திலிருந்து 30 மீற்றருக்குள் மண் நிரப்பினாலும் அவர்களின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு அரசாங்கத்தின் கெடுபிடி என்று இதை நினைக்காதீர்கள். உங்கள் நிலவறைக்குள் வெள்ளம் வராமல் காக்கும் விதியும் இதுதான்.

மண்வெட்டியைத் தொடும் முன், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ ஒன் கோல் அமைப்புக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். அந்தச் சேவை இலவசம். எரிவாயுக் குழாய், மின், தொலைபேசிக் கம்பிகள் போகும் தடத்தை வந்து குறித்துவிட்டுப் போவார்கள். வீட்டிலிருந்து கொட்டகைக்கு முந்தைய உரிமையாளர் இழுத்த கம்பியை அவர்கள் குறிக்கமாட்டார்கள். அதற்குத் தனியாக ஆள் பிடிக்க வேண்டும்.

வேலை செய்ய வருபவரிடம் அடித்தளம் பற்றிக் கேளுங்கள். இங்கே நிலம் ஒரு மீற்றருக்கும் மேல் உறையக்கூடும். உறையும் ஈரம் கல்லைத் தூக்கும், வசந்தத்தில் அது மேடும் பள்ளமுமாக இறங்கும். நடக்கும் முற்றத்துக்கு 15 சென்ரிமீற்றர், வாகனப் பாதைக்கு 30 சென்ரிமீற்றர் அளவில் சல்லியை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். களிமண் நிலமென்றால் இன்னும் கூடுதலாக. வீட்டிலிருந்து ஒவ்வொரு மீற்றருக்கும் 2 சென்ரிமீற்றர் சரிவு வெளிப்பக்கமாக இருக்கட்டும்.

நகராட்சி அலுவலகத்துக்குப் போகும்போது காணி அளவை வரைபடத்தின் பிரதியொன்றில் வீடு, கிணறு, செப்ரிக், கான், நீங்கள் கல் பதிக்கப்போகும் இடம் ஆகியவற்றைப் பேனையால் குறித்துக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் அந்தத் தாள் பேசும். சிறிய நகராட்சிகளில் கட்டட அதிகாரி தானே வந்து மேசையில் அதை விரித்து வைத்துப் பார்ப்பார். அனுமதி தேவையில்லை என்று சொன்னால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரும்படி கேட்டு, வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்கக்கூடும்.