சின்னச் சபையும் ஓர் அகதிக் குடும்பமும்: கனடாவில் ஸ்பொன்சர் செய்வது எப்படி?

ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர் வந்துவிட்டால் "இன்றைக்கு நல்ல சனம்" என்று சொல்லிக்கொள்ளும் சபை எங்களுடையது. சொந்தக் கட்டடம் இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வேறொரு சபையின் கோயிலில், அவர்களுடைய ஆராதனை முடிந்த பிறகு பிற்பகலில் கூடுகிறோம். அப்படிப்பட்ட நாங்கள் சூடானில் தங்கியிருந்த ஓர் எரித்திரியக் குடும்பத்தை, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கனடாவுக்கு அழைத்து ஒரு வருடம் பொறுப்பாக இருந்தோம். மற்றச் சபைக்காரர் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கொஞ்சம் பின்னணி. பொதுமக்களே அகதிகளை ஸ்பொன்சர் செய்யும் இந்தத் திட்டம் 1970களின் இறுதியில் தொடங்கியது. 1979இல் அரசோடு முதல் ஒப்பந்தம் செய்தது மெனோனைற் சபையினரின் அமைப்பு. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் பக்கமிருந்து வந்த சுமார் 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சபைகளும் அயலவர்களும்தான் பொறுப்பெடுத்தார்கள். 1986இல், அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. வழங்கும் நான்சென் பதக்கம் கனடிய மக்களுக்கே கிடைத்தது. அதே வருடம் ஓகஸ்டில் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் தத்தளித்து மீட்கப்பட்டார்கள். எங்கள் சபையிலும் பெரும்பாலானோர் இங்கே வந்திறங்கி அகதிக் கோரிக்கை வைத்தவர்கள். அதனால் ஸ்பொன்சர் என்றாலே மனைவியையும் பெற்றோரையும் கூப்பிடுவதுதான் ஞாபகம் வரும். இது வேறு.

படி 1: ஒரு குடையைத் தேடுங்கள்

சின்னச் சபை நேரடியாக அரசிடம் போகத் தேவையில்லை. ஐக்கிய சபை, பிரஸ்பிற்றேரியன் சபை, அங்கிலிக்கன், கத்தோலிக்க மறைமாவட்டங்கள் போன்ற பல பெரிய அமைப்புகள் அரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கீழ் நீங்கள் உள்ளூர்க் குழுவாகச் சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வோர் அமைப்புக்கும் வருடத்துக்கு இத்தனை பேர் என்று ஒரு வரம்பு உண்டு. ஆகவே முதல் தொலைபேசி அழைப்பில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த வருடம் இடம் இருக்கிறதா?"

ஐந்து பேர் சேர்ந்து தனிக்குழுவாக விண்ணப்பிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. ஆனால் 2024 நவம்பரில் அரசு அந்த வழியில் புதிய விண்ணப்பங்கள் எடுப்பதை நிறுத்தி வைத்தது. இப்போதைய நிலையைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வருபவரை ஐ.நா.வோ வேறொரு நாடோ அகதியாக ஏற்றுக்கொண்டதற்கான பத்திரமும் அந்த வழிக்கு வேண்டும். ஒப்பந்த அமைப்பின் கீழ் போனால் அது கட்டாயமில்லை. ஸ்பொன்சர்களுக்கென்றே இலவசப் பயிற்சியும் நடக்கிறது. இரண்டு பேரையாவது அதற்கு அனுப்புங்கள்.

படி 2: யாரை அழைக்கலாம்?

நம்மவர் அதிகம் தடுமாறும் இடம் இது. அழைக்கப்படுபவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். வவுனியாவில் இருக்கும் தம்பியை இந்தத் திட்டத்தில் அழைக்க முடியாது. தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் உறவினருக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் திரும்பிப் போனால் ஆபத்து என்பதை அவர் விசா அதிகாரியிடம் நிறுவ வேண்டும். ஏற்கெனவே கனடாவுக்குள் வந்து கோரிக்கை வைத்தவரும் இதில் சேரமாட்டார்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. படிவத்தில் குடும்பத்தில் எல்லோருடைய பெயரையும் எழுதச் சொல்லுங்கள்: கூட வராதவர், பிரிந்து போனவர், எங்கே இருக்கிறார் என்றே தெரியாத கணவர், பிள்ளை எல்லோரையும். எழுதியிருந்தால், இவர்கள் வந்து ஒரு வருடத்துக்குள், கூட வராத கணவன், மனைவி, பிள்ளைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எழுதாமல் விட்ட பிள்ளையைப் பிறகு கூப்பிடுவது பெரும்பாடு.

படி 3: பணம்

பன்னிரண்டு மாத வாடகை, சாப்பாடு, உடுப்பு, பேருந்துக் காசு, தளபாடம் எல்லாம் உங்கள் பொறுப்பு. குடும்பத்தின் அளவுக்கு ஏற்ப எவ்வளவு காட்ட வேண்டும் என்று அரசு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. கட்டிலும் பாத்திரமும் இலவசமாகக் கிடைத்தால் அவற்றின் பெறுமதியில் ஒரு பகுதியைக் கழிக்கலாம். அட்டவணைத் தொகையோடு நிற்காதீர்கள். ரொறன்ரோ வாடகை அதை ஏழெட்டு மாதத்திலேயே விழுங்கிவிடும்.

கொத்துரொட்டி விற்றோம், கரோல் பாடினோம். ஆனால் உண்மையில் கைகொடுத்தது, பதினெட்டுக் குடும்பங்கள் மாதம் 40 டொலர் என்று ஒன்றரை வருடம் தவறாமல் போட்ட காசுதான். அதைச் சபைக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள்.

வருபவரிடமோ அவருடைய உறவினரிடமோ ஸ்பொன்சர் செய்வதற்காகப் பணம் வாங்கக் கூடாது. "வந்த பிறகு தருகிறோம்" என்று அவர்களே சொன்னாலும் கூடாது.

படி 4: குழு

போதகரைத் தலைவராக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே போதும் போதும் என்றிருக்கும். வீடு, பணம், பள்ளியும் மருத்துவரும், போக்குவரத்து, மொழிபெயர்ப்பு என்று ஆளுக்கொன்று கொடுங்கள். நாற்பது பேர் சபைக்கு ஒரு நன்மை உண்டு: யார் செய்யவில்லை என்பது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

படி 5: விண்ணப்பம், காத்திருப்பு

குழு ஓர் உறுதிமொழிப் படிவத்திலும் குடியமர்வுத் திட்டத்திலும் கையெழுத்திட, குடும்பம் தன் படிவங்களை நிரப்ப, ஒப்பந்த அமைப்பு சரிபார்த்து அனுப்பும். அப்புறம் ஆண்டுக்கணக்கில் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருங்கள். "அடுத்த மாதம் வந்துவிடுவீர்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டை முன்கூட்டி எடுக்கவும் வேண்டாம். எங்களுக்குப் பயணத் தேதி வந்தபோது இரண்டு வாரம்கூட மிச்சமில்லை.

அந்த அவசரத்தில்தான் எங்கள் பெண்கள் குழு ஒரு பெரிய மரூன் நிறச் சோஃபா வாங்கியது.

படி 6: முதல் வாரம்

விமான நிலையத்துக்குக் குளிர்ச்சட்டைகளோடு போங்கள். மாலை, பதாகை, பாட்டு வேண்டாம். நாங்கள் பன்னிரண்டு பேர் போனோம். அந்தச் சின்னப் பிள்ளை பயந்து அழுதது. மொழிபெயர்ப்பாளரோடு மூன்று பேர் போதும்.

அவர்கள் வந்திறங்கும்போதே நிரந்தர வதிவிட உரிமையோடு இறங்குகிறார்கள். ஆகவே சமூகக் காப்புறுதி எண், ஒன்ராறியோ மருத்துவ அட்டை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்கான உதவிப்பண விண்ணப்பம், பள்ளிப் பதிவு, பெரியவர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு என்று ஓட வேண்டியிருக்கும். பல், கண், மருந்துச் செலவுகளுக்கு மத்திய அரசின் இடைக்கால மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதை ஏற்கும் பல் மருத்துவரை முன்னரே விசாரித்து வையுங்கள்.

பயணச் செலவுக்காக அரசு தந்த கடனை வழமையாகக் குடும்பமே திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி இல்லை, வந்து ஒரு வருடத்தின் பின்தான் தவணை தொடங்கும். இதைக் குடும்பத்துக்கு முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 7: மிச்சப் பதினொரு மாதம்

மாதக் காசை அவர்கள் கணக்கில் போட்டுவிடுங்கள். ரசீது கேட்காதீர்கள். எங்கள் கணக்காளர் அண்ணா இரண்டாம் மாதம் கேட்டார். அந்த அப்பா ஒரு பை நிறையத் துண்டுச் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். யாருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

ஆராதனைக்கு வர வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருக்கக் கூடாது. எங்கள் குடும்பம் இரண்டு ஞாயிறு மரியாதைக்கு வந்தது, பிறகு தங்கள் எரித்திரிய ஓர்த்தடொக்ஸ் கோயிலுக்குப் போய்விட்டது. சிலருக்கு மனவருத்தம். ஸ்காபரோவில் தமிழில் ஆராதனை வேண்டுமென்று அலைந்த எங்களுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் மாதம் அந்த அப்பாவுக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்தது. எங்களிடம் யோசனை கேட்கவில்லை, தகவல் சொன்னார். வான் பிடித்துக் கொடுத்தோம். கட்டில், மேசை, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. சோஃபாவை மட்டும் வாசலில் விட்டுவிட்டு, "இது அடுத்த குடும்பத்துக்கு" என்றார் அந்த அம்மா. முதல் நாளிலிருந்தே அது அவருக்குப் பிடிக்கவில்லையாம்.