டாக்டர் ஹூ பார்ப்பவர்கள் பழைய கதை விஷயத்தில் செய்யும் தவறுகள்

'டாக்டர்' என்ற காலப் பயணியைப் பற்றிய பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூ 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் ஆரம்பித்தது. 1989ல் நின்றது, 1996ல் ஒரு டிவி படமாகத் தலைகாட்டியது, 2005ல் மறுபடி வந்தது. இவ்வளவு நீளமான தொடரில் யாராவது ஒரு பழைய பெயரைச் சொன்னதும், புதிதாகப் பார்க்கிறவருக்கு 'நமக்கு ஏதோ தெரியவில்லை போல' என்று ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. நெடுநாள் ரசிகருக்கோ 'இது 1975ல் சொன்னதோடு ஒத்துப்போகவில்லையே' என்று கை பரபரக்கும். முதல் நாளே எழுதிவைத்த சட்டப் புத்தகம் ஒன்று பிபிசி அலமாரியில் இருப்பதாக இருவருமே நம்புகிறார்கள். அப்படி ஒன்று இருந்ததே இல்லை. இங்கே நான் சொல்லப்போகிற தவறுகளில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகின்றன.

முதல் தவறு, 1963லிருந்து வரிசையாகப் பார்த்தால்தான் புரியும் என்று உட்காருவது. அப்படி வரிசையாகப் பார்க்கவே முடியாது. அறுபதுகளின் எபிசோடுகள் பலவற்றைப் பிபிசியே அழித்துவிட்டது. டேப் விலை அதிகம், மறுஒளிபரப்பு அபூர்வம், வீட்டில் வீடியோ பார்க்கும் காலமும் வரவில்லை என்பதால் வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் படமாக இல்லை, ரசிகர்கள் அப்போது டிவி முன்னால் வைத்துப் பதிவு செய்த ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2005ல் வந்த 'ரோஸ்' எபிசோடில் ஆரம்பியுங்கள், அல்லது 2010ன் 'தி இலெவன்த் அவர்'. இரண்டுமே ஒன்றும் தெரியாதவர்களுக்காக எழுதப்பட்டவை. பிடித்துப்போனால் பழையதற்குத் தானாகப் போவீர்கள்.

அடுத்தது, இன்று நாம் அடிப்படை என்று நினைக்கும் விஷயங்கள் எல்லாம் ஆரம்பத்திலேயே இருந்தன என்று எண்ணிக்கொள்வது. டாக்டர் ஒரு டைம் லார்ட், அதாவது காலப் பயணம் தெரிந்த வேற்றுக் கிரக இனத்தவர், என்று தொடர் சொன்னது 1969ல், 'தி வார் கேம்ஸ்' கதையில். அதுவரை ஆறு வருடம், இரண்டு நடிகர்கள், அவர் எங்கிருந்து வந்தார் என்றே சொல்லாமல் கதை ஓடியிருக்கிறது! அவருடைய கிரகத்துக்கு காலிஃப்ரே என்று பெயர் கிடைத்தது 1973 டிசம்பரில். 1966ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை மோசமானதால் பாட்ரிக் ட்ரௌட்டன் வந்தாரே, டாக்டர் வேறு உடலும் முகமும் பெறும் அந்த மாற்றத்துக்கு 'ரீஜெனரேஷன்' என்ற பெயர் 1974ல்தான் வந்தது, மூன்றாவது டாக்டர் நான்காவது டாக்டராக மாறும்போது. டாக்டரின் பரம எதிரிகளான, இயந்திரக் கூட்டுக்குள் வாழும் தாலெக்குகளின் கதையும் அப்படித்தான். 1963ல் அவற்றின் முன்னோர் 'டால்'கள். 1975ல் 'ஜெனிசிஸ் ஆஃப் தி தாலெக்ஸ்' வந்தபோது அவர்கள் 'கேலெட்'கள் ஆனார்கள், டாவ்ரோஸ் என்ற விஞ்ஞானி அவற்றை உருவாக்கினான் என்று கதை மாறியது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, டெர்ரி நேஷன். எழுதியவரே மாற்றிக்கொண்டதை நாம் ஏன் தவறு என்கிறோம்? இரண்டாவது கதை முதலாவதைவிட எத்தனையோ மடங்கு ஆழமானது, அதற்காகவே அந்த மாற்றம் சரி.

முரண்பாடு எப்படி வந்தது என்று பார்க்காமல், யார் சொன்னது சரி என்று மட்டும் சண்டை போடுவதும் ஒரு தவறு. இதற்கு, வேற்றுக் கிரகத் தாக்குதல்களைச் சமாளிக்கும் 'யூனிட்' என்ற ராணுவப் படையின் கதைகளில் உள்ள காலக் குழப்பத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டும் அவருடைய யூனிட் படையும் எந்த வருடத்தில் இருந்தார்கள்? 1968ல் வந்த 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையில் பேராசிரியர் டிராவர்ஸ், டாக்டரைத் தான் 1935ல் சந்தித்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்கிறார், ஆக அது 1975 வாக்கில் நடக்கிறது. அதே வருடக் கடைசியில் வந்த 'தி இன்வேஷன்' கதையில் பிரிகேடியர், அது நடந்து நாலு வருடம் இருக்கும் என்கிறார், அப்படியானால் 1979. எழுபதுகளில் வந்த யூனிட் கதைகள் எல்லாம் அதற்குப் பிறகு நடக்க வேண்டும். 1975ன் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் டாக்டரின் தோழி சாரா ஜேன், தான் 1980லிருந்து வருவதாகச் சொல்கிறாள், அதுவும் ஏறக்குறைய இதோடு பொருந்துகிறது. சரி, இவ்வளவும் ஒழுங்கு. அப்புறம் 1983ல் 'மாட்ரின் அன்டெட்' வந்தது. அதில் பிரிகேடியர் 1976லேயே ஓய்வுபெற்று, 1977ல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார்!

இது ஏன் நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தக் கதையில் வாத்தியாராக வர வேண்டியவர் முதலில் இயன் செஸ்டர்டன், 1963ல் டாக்டரோடு போன பள்ளி ஆசிரியர். அந்த நடிகர் கிடைக்காததால் அந்த இடத்தில் பிரிகேடியரைப் போட்டார்கள். 1977 என்ற வருடம் இயனுக்கு ஒரு தொந்தரவும் தராது, பிரிகேடியருக்கு மட்டும்தான் இடிக்கும். அந்த மாற்றத்தால்தான் பிரிகேடியராக நிக்கோலஸ் கோர்ட்னி நடித்த அருமையான கதைகளில் ஒன்று நமக்குக் கிடைத்தது, தன் ஞாபகத்தையே இழந்துபோன ஒரு பழைய ராணுவ அதிகாரியாக அவர் வருவதை யாரும் மறக்க முடியாது. தேதி கெட்டது, கதை பிழைத்தது. 2008ல் டாக்டரே, நான் யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று குழம்புகிறார். 2013ல் பிரிகேடியரின் மகள் கேட் என்பவளும் ஏறக்குறைய அதையே சொல்கிறாள். எழுதுகிறவர்களுக்கு இது தெரியும், தெரிந்துதான் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அட்லாண்டிஸ் 1967, 1971, 1972 என்று மூன்று கதைகளில் மூன்று விதமாக அழிந்ததையெல்லாம் ஒட்டவைக்க உட்கார வேண்டாம்.

ஆனால் எல்லா முரண்பாட்டையும் 'விடுப்பா' என்று தள்ளிவிடுவதும் சரியில்லை, சிலது நல்ல விதையாக முளைத்திருக்கிறது. 1976 ஜனவரியில் வந்த 'தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' கதையில் மனப் போராட்டம் ஒன்று நடக்கும்போது திரையில் எட்டு முகங்கள் வரும், ஹார்ட்னெலுக்கு முன்னால் இருந்த டாக்டர்கள் என்ற அர்த்தத்தில். அந்த முகங்கள் எல்லாம் தொடரில் வேலை பார்த்தவர்கள், பழங்கால உடை போட்டு எடுத்த படங்கள். அதே 1976ன் கடைசியில் 'தி டெட்லி அஸாசின்' வந்து, ஒரு டைம் லார்ட் பன்னிரண்டு தடவைதான் உருமாற முடியும் என்றது. டாக்டரின் எதிரியான இன்னொரு டைம் லார்ட், சாகக் கிடக்கும் மாஸ்டர், எதற்கும் துணிந்தவனாக இருக்க வேண்டும் என்பதற்காக வந்த விதி அது. இரண்டின் பின்னாலும் இருந்தவர் தொடரின் அப்போதைய திரைக்கதை ஆசிரியர் ராபர்ட் ஹோம்ஸ்தான். அந்த எட்டு முகங்களையும் கணக்கில் சேர்த்தால் நான்காவது டாக்டரான டாம் பேக்கருக்கு முன்பே பன்னிரண்டு தவணையும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும், ஹோம்ஸுக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் பன்னிரண்டு என்ற எண் 2013ல் 'தி டைம் ஆஃப் தி டாக்டர்' கதைக்கு முதுகெலும்பு ஆனது, எட்டு முகங்கள் 2020ல் 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' எபிசோடில் திரும்ப வந்தன. 2020 எபிசோடைப் பற்றி ரசிகர்களிடையே இன்னும் கோபம் உண்டு. டாக்டர் எங்கிருந்தோ வந்த ஒரு ஊர்சுற்றியாக இருப்பதுதான் அழகு, எல்லாவற்றுக்கும் மூலமாக அவரை ஆக்கியது அவரைச் சின்னதாக்கிவிட்டது என்று நானும் நினைக்கிறேன். என் குறை அந்தக் கதை மேல்தான். 'இது கன்டினியூட்டியை உடைக்கிறது' என்று சொல்லி அதை அடிக்க முடியாது, ஏனென்றால் 1976லேயே கதவு திறந்திருந்தது.

இப்போது ரெஃபரன்ஸ் விஷயம். பழைய பெயர் வந்ததாலேயே ஒரு காட்சி நல்ல காட்சி என்று கைதட்டுவது, ரசிகர்கள் மட்டுமல்ல, தொடரை எடுத்தவர்களே செய்த தவறு. 1985ன் 'அட்டாக் ஆஃப் தி சைபர்மென்' கதையைப் பாருங்கள். பாதி இயந்திரமாகிவிட்ட மனிதர்களான சைபர்மேன்கள் 1986ல் தங்கள் கிரகம் அழியப்போவதைத் தடுக்கப் பார்க்கிறார்கள், அது 1966ல் வந்த கதையின் முடிவு. டெலோஸ் கிரகத்தில் அவர்களுடைய கல்லறைகள், அது 1967ல் வந்த கதை. இது போதாதென்று முதல் எபிசோடில் வந்த பழைய இரும்புக் கடைக்கும் போகிறார்கள். 1985ல் டிவி முன்னால் உட்கார்ந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இதில் எது தெரியும்? 1967ன் 'டூம் ஆஃப் தி சைபர்மென்' அந்தச் சமயத்தில் பார்க்கவே கிடைக்காது, நான்கு எபிசோடும் தொலைந்துபோயிருந்தன, 1991 கடைசியில்தான் ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்தன. யாருமே பார்க்க முடியாத ஒரு கதைக்குத் தொடர்ச்சி எழுதியிருக்கிறார்கள்.

மூன்றே வருடம் கழித்து 1988ல் 'ரிமெம்ப்ரன்ஸ் ஆஃப் தி தாலெக்ஸ்' வந்தது. இதிலும் அதே இரும்புக் கடை, அதே கோல் ஹில் பள்ளி, அதே 1963 நவம்பர். முதல் எபிசோடில் டாக்டரின் பேத்தி சூசன் புரட்டிய பிரெஞ்சுப் புரட்சிப் புத்தகம்கூட ஒரு மேசையில் கிடக்கும். ஆனால் ஒன்றுமே தெரியாதவருக்கும் கதை புரியும், ஏனென்றால் அது நிறவெறி பற்றிய கதை. 'தூய' தாலெக்குகள் மற்ற தாலெக்குகளைக் கொல்கின்றன, டாக்டரின் தோழி ஏஸ் தங்கியிருக்கும் வீட்டு ஜன்னலில் 'நோ கலர்ட்ஸ்' (கறுப்பினத்தவருக்கு இடமில்லை) என்று அட்டை தொங்குகிறது. புத்தகத்தைக் கவனித்தவருக்கு அது கூடுதல் சந்தோஷம், கவனிக்காதவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு ரெஃபரன்ஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அந்தப் பெயரைக் கேள்வியே படாத ஒருவருக்கு அந்தக் காட்சி என்ன தருகிறது?

2006ல் வந்த 'ஸ்கூல் ரீயூனியன்' இந்தச் சோதனையில் அப்படியே தேறும். 1976ல் டாக்டர் இறக்கிவிட்டுப் போன சாரா ஜேன், நடு வயதில், திரும்ப அவரைச் சந்திக்கிறாள். அவளைத் தெரியாத 2006ன் பிள்ளைகளுக்கும் அந்த எபிசோட் நெஞ்சைத் தொட்டது, காரணம், டாக்டரின் அப்போதைய தோழி ரோஸ் அவளைப் பார்த்து 'நாளைக்கு எனக்கும் இதுதானா' என்று பயப்படுகிறாள். நீங்கள் திரும்பி வராததால் செத்துப்போய்விட்டீர்கள் என்று நினைத்தேன் என்கிறாள் சாரா. 1983ன் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' சிறப்புக் கதையில் அவள் டாக்டரை, ஒருவரல்ல பலரை, சந்தித்துவிட்டாளே என்று கேட்டால், ஆமாம், சந்தித்தாள். அந்த வசனத்துக்காக 1983 கதையை மறந்துவிட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதேபோல 2011ல் நிக்கோலஸ் கோர்ட்னி காலமான வருடம், சாவைத் தள்ளிப்போட்டு ஓடிக்கொண்டிருக்கும் டாக்டர் ஒரு முதியோர் இல்லத்துக்கு போன் செய்கிறார், பிரிகேடியர் இறந்துவிட்டார் என்று எதிர்முனையில் சொல்கிறார்கள். அதோடு ஓடுவதை நிறுத்துகிறார். பிரிகேடியர் யார் என்று தெரியாவிட்டாலும் அந்த இடம் புரியும்.

எதிர்ப் பக்கத்துக்கு 2025ன் 'தி ரியாலிட்டி வார்' எபிசோடைச் சொல்வேன். ஒமேகா 1973ல் வந்தபோது எப்படிப்பட்ட வில்லன்! டைம் லார்டுகளுக்குக் காலப் பயணத்தைக் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்டவன், முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒன்றுமே இல்லை, அவனே மிச்சமில்லை என்று அவனுக்கே தெரியவரும் காட்சி இன்றைக்கும் உலுக்கும். 2025ல் அவன் ஒரு ராட்சத எலும்பு உருவமாக வந்து, சில நிமிடங்களில் திரும்ப அனுப்பப்பட்டான். பெயர் தெரிந்தவருக்கு ஏமாற்றம், தெரியாதவருக்கு இன்னொரு பூதம். அதே சீசனில் டாக்டரின் பேத்தி சூசனையும் காட்டினார்கள், 1964ல் 'ஒரு நாள் திரும்பி வருவேன்' என்று அவர் சொல்லிவிட்டுப் போன அதே சூசன். அதே நடிகை கரோல் ஆன் ஃபோர்டு, தொடங்கி அறுபது வருடத்துக்கு மேல் கழித்து! ஆனால் சீசன் முடிகிறவரை அவள் ஏன் வந்தாள் என்பதற்கு விடை வரவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் ரசிகர்கள் வெறும் பெயருக்குக் கைதட்டினால், எழுதுகிறவர்களும் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நாவலும் ஆடியோ நாடகமும் 'கணக்கில் சேருமா' என்ற சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எது சேரும், எது சேராது என்று பிபிசி பட்டியல் போட்டதே இல்லை. பால் கார்னெல் 1995ல் ஏழாவது டாக்டரை வைத்து எழுதிய 'ஹ்யூமன் நேச்சர்' நாவலை 2007ல் அவரே பத்தாவது டாக்டருக்கு டிவி கதையாக மாற்றினார், இரண்டும் அருமை. 2013ல் எட்டாவது டாக்டரான பால் மெக்கன் உருமாறுவதற்கு முன் ஆடியோ கதைகளில் மட்டுமே வந்த தன் தோழர்களின் பெயர்களைச் சொல்லி விடைபெறுகிறார். கேட்க ஆசையிருந்தால் கேளுங்கள்.

ஞாபகத்தை நம்பி எழுதாதீர்கள், எபிசோடைப் போட்டுப் பாருங்கள். 'நியூட்ரான் ஃப்ளோவின் போலாரிட்டியைத் திருப்பிவிட்டேன்' என்பது மூன்றாவது டாக்டர் வாரா வாரம் சொன்ன வசனம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் காலத்தில் அதை முழுசாகச் சொன்னது ஒரே ஒரு கதையில், 1972ன் 'தி ஸீ டெவில்ஸ்'. டாக்டரின் வயதும் இப்படித்தான், 1987ல் 953 என்றவர் 2005ல் 900 என்கிறார்.

கடைசியாக, நண்பர் ஒருவரை இந்தத் தொடருக்கு இழுத்துவரும்போது நடக்கும் தவறு. 1996ன் டிவி படம் முதல் நிமிடத்திலேயே ஸ்காரோ (தாலெக்குகளின் கிரகம்), மாஸ்டர், காலிஃப்ரே என்று பெயர்களைக் கொட்டியது. அது தொடராக வளரவில்லை, அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்த ஆரம்பம் புதியவர்களை வெளியே நிறுத்திவிட்டது. 2005ல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸ் நேர்மாறாகச் செய்தார். முதல் எபிசோடில் ஒரு கடைப் பெண், ஒரு விநோத மனிதர், ஒரு நீலப் பெட்டி, அவ்வளவுதான். டைம் லார்ட் என்ற பெயர் இரண்டாவது எபிசோடில் வந்தது. உருமாற்றம் முதல் சீசனின் கடைசியில். காலிஃப்ரே என்ற பெயர் 2006 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோட் வரை ஒரு தடவைகூட வரவில்லை! உங்கள் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்காத வரலாற்றை எல்லாம் சொல்லாதீர்கள், அந்த வரிசையிலேயே அவர் தெரிந்துகொள்ளட்டும். முக்கியமாக, ரிவர் சாங் என்ற மர்மப் பெண் யார் என்ற விஷயம். 2008ல் அவள் முதலில் வருகிறாள், 2011 வரை தொடர் அந்த விடையைப் பிடித்து வைத்திருந்தது. அவர் கேட்டாலும் சொல்லாதீர்கள், 'பாரு' என்று மட்டும் சொல்லுங்கள்.