சமூக அமைப்புகளில் பயிற்சிப் பணி: குமரி மாவட்ட மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளநிலைப் படிப்பில் இன்டர்ன்ஷிப் இன்று பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒரு கிரெடிட்டுக்கு (பாட மதிப்பலகு) 30 மணி நேரப் பணி என்ற கணக்கைப் பல்கலைக்கழக மானியக் குழுவே வகுத்திருப்பதால், கோடை விடுமுறை நெருங்கும்போதே நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இடம் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். சொந்த மாவட்டத்தில் வாய்ப்பு எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், மறைமாவட்டச் சமூக சேவை அமைப்புகள், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புகள், மார்த்தாண்டத்தின் தேனீ வளர்ப்போர் கூட்டுறவு, சாண எரிவாயு போன்ற எளிய தொழில்நுட்பங்களில் பணியாற்றும் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வளப் பிரிவு என்று இங்கேயே அணுகிப் பார்க்கத்தக்க இடங்கள் பல உள்ளன. இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் விளம்பரம் செய்து ஆள் எடுப்பதில்லை. நாற்பது இடங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, அந்த அமைப்பு என்ன வேலை செய்கிறது, அதில் தம்மால் எதைச் செய்து தர முடியும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு துறைத்தலைவரின் கடிதத்தோடு நேரில் செல்வதே பலன் தரும்.

பலரும் கவனிக்கத் தவறுவது நாள்காட்டியை. நம் மாவட்டம் இரண்டு கடற்பகுதிகளைத் தொட்டுக்கொண்டிருப்பதால், விசைப்படகு மீன்பிடித் தடைக்காலமும் இங்கே இரண்டாக இருக்கிறது: கிழக்குப் பகுதியின் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் அடங்கிய மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதத்தில் சின்னமுட்டத்துக்குச் சென்று மீன்வரத்தைக் கணக்கெடுக்கத் திட்டமிடும் மாணவர், கட்டிப்போட்ட படகுகளைத்தான் பார்ப்பார். ஆனால் தொழிலாளர்களின் கடன், தடைக்கால நிவாரணம், மாற்று வேலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களை விடியற்காலையில் நிறுத்திப் பேசவைக்கக் கூடாது. பால் எடுத்து முடித்த பிறகே அவர்களுக்கு ஓய்வு. முந்திரி ஆலைகளில் கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்களிடம் வேலை நேரத்தில் அரைமணி நேரக் கேள்வித்தாளை நீட்டினால், அந்த அரைமணி நேரக் கூலியை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்றே பொருள். ஆகவே நாளையும் நேரத்தையும் கல்லூரி அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாமல், அமைப்பின் களப்பணியாளரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஊருக்குள் நுழைவதற்கும் ஒரு முறை உண்டு. கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையிடமும் ஊர்க் கமிட்டியிடமும் முன்கூட்டியே சொல்லாமல் வீடுவீடாகச் சென்று குறிப்பெடுத்தால் சந்தேகம்தான் எழும், அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. பேச்சிப்பாறை மலைப்பகுதியின் காணி பழங்குடியினர் குடியிருப்புகளுக்குச் செல்வதாக இருந்தால், வனத்துறையின் அனுமதி தேவையா என்பதை அமைப்பின் வழியாகக் கேட்டு உறுதிசெய்த பின்னரே கிளம்ப வேண்டும்.

ஆய்வு உதவியாளராகச் சேர்பவர்கள் செய்யும் பெரிய பிழை கேள்வித்தாளில் இருக்கிறது. 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்று வள்ளத்தில் போகும் ஒரு தொழிலாளியிடம் கேட்டால், அவர் மரியாதைக்காக ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் ஏலம் போன பிறகு எண்ணெய்ச் செலவு, தரகு முதலியவற்றைக் கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் உரிய பங்கை எடுத்த பின் மிஞ்சுவதுதான் ஆட்களுக்குப் பங்காகக் கிடைக்கிறது. 'கடந்த வாரம் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள்? ஒவ்வொரு நாளும் பங்கு எவ்வளவு கிடைத்தது? வெறுங்கையோடு திரும்பிய நாள் உண்டா?' என்று பிரித்துக் கேட்டால், அவர் விரல்விட்டு எண்ணிச் சரியாகவே சொல்வார். இதுபோலவே, ஆங்கிலக் கேள்வித்தாளைக் களத்தில் நின்றபடியே தமிழாக்கிக் கேட்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஐந்து மாணவர்கள் ஐந்து விதமாகக் கேட்டால், வரும் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. தமிழிலேயே எழுதி, ஐந்தாறு பேரிடம் சோதித்துத் திருத்தி, விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் போவதானால் அங்கே மலையாளம் கலந்து வழங்கும் சொற்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஒப்புதல் பெறுவதை ஒரு கையெழுத்துச் சடங்காக நினைப்பது இதைவிடக் கேடு விளைவிப்பது. 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2017 ஒக்கி புயலையும் கடந்து வந்த ஊர்களில், 'ஏற்கெனவே எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், என்ன நடந்தது?' என்று யாராவது கேட்டால் அது வெடுக்கென்ற பேச்சு அல்ல, பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வி. இந்தத் தகவலால் உங்களுக்கு நேரடி உதவி எதுவும் கிடைக்காது என்ற உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடலில் ஆளை இழந்த குடும்பத்திடம், அனுபவமுள்ள பணியாளர் உடன் இல்லாமல், அந்த இழப்பைப் பற்றிக் கேட்கவே கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் பேசப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், அந்தப் பிள்ளையின் விருப்பமும் வேண்டும். ஆதார் எண், முகம் தெரியும் படங்கள், நோய் விவரம் ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் கைப்பேசி ஸ்டேட்டஸில் போடுவதும் அவர்கள் நம்மீது வைத்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும். அதேபோல, நூறு படிவம் தர வேண்டிய இடத்தில் அறுபதை நிரப்பிவிட்டு மீதியை விடுதியில் உட்கார்ந்து எழுதுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. அறுபதுதான் முடிந்தது என்று பொறுப்பாளரிடம் சொன்னால் அறுபதை வைத்தே ஆய்வு செய்ய வழி இருக்கும். பொய்யான நாற்பதைக் கலந்தால் உண்மையான அறுபதும் வீணாகிவிடும்.

தம் உரிமைகளைக் கேட்கத் தயங்குவதும் தவறே. சான்றிதழுக்குக் கட்டணம் கேட்கும் அமைப்புகளை விட்டு விலகிவிடுங்கள். பணிக்காலம், பொறுப்பாளர் யார், பயணச் செலவு யாருடையது, உதவித்தொகை உண்டா, அறிக்கையில் பெயர் வருமா என்பதை எல்லாம் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும் என்பதையும், பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்பதையும் மாணவிகள் அறிந்திருப்பது அவசியம்; குழுவின் உறுப்பினர்கள் யார் என்று சேரும் நாளிலேயே கேட்கலாம்.

வேலை செய்த மணி நேரத்தைக் கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுதாமல், அன்றன்று குறித்துப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் கிரெடிட் கணக்கில் சிக்கல் வராது. கல்லூரிக்கு அறிக்கை தந்ததோடு விட்டுவிடாமல், கண்டறிந்தவற்றை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கி அமைப்புக்கும் ஊர்க் கமிட்டிக்கும் ஒவ்வொரு படி கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு அதே ஊருக்குச் செல்லும் இளைய மாணவர்களிடம் மக்கள் பேச முன்வருவதா இல்லையா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கும்.