டெங்கு வைரஸ் வரிசையிலிருந்து மரம் வரைவது: நான் சறுக்கிய இடம் தேதி

என்எஸ்1 எனும் வைரஸ் புரதத்தைத் தேடும் இரத்தச் சோதனை, டெங்குவா இல்லையா என்பதோடு நின்றுவிடும். வைரஸின் நான்கு செரோடைப்களில் (வகைகளில்) எது என்பதை ஆர்டி-பிசிஆர் சொல்லும். அதற்குக் காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் எடுத்த சீரம் நல்லது. வைரஸ் வெளியிலிருந்து வந்ததா, உள்ளுக்குள்ளேயே சுற்றுகிறதா என்று அறிய, அதன் வரிசையை (மரபணு எழுத்துகளின் தொடரை) மற்றவற்றோடு ஒப்பிட்டு உறவுமுறை மரம் வரைய வேண்டும். அதற்கு வரிசை வேண்டும். அது கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: நெக்ஸ்ட்க்ளேட் என்ற இணையக் கருவியில் வரிசைக் கோப்பை ஏற்றுங்கள். செரோடைப்பும் அதன் உட்பிரிவான ஜீனோடைப்பும் அங்கேயே தெரிந்துவிடும். எல்லாம் உலாவிக்குள்ளேயே நடப்பதால் உங்கள் வரிசை வெளியே போகாது. எனக்கு அது பிடிக்க இதுவே காரணம்.

படி 2: ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் அதே செரோடைப்பின் வரிசைகளை மட்டும் எடுங்கள். நான்கையும் ஒரே மரத்தில் திணித்தால் உள்ளே இருக்கும் நுணுக்கம் நசுங்கிவிடும். ஈ எனப்படும் உறைப்புரத மரபணு ஜீனோடைப்புக்குப் போதும். ஆனால் அதன் சுமார் 1,485 எழுத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் மாறும். ஒரே பருவத்து நோயாளிகளைப் பிரித்துப் பார்க்க, சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட முழு மரபணுத்தொகுதி இல்லாமல் முடியாது.

படி 3: தேதி. இங்கேதான் ஒரு வாரம் தொலைத்தேன். ஜென்பேங்க் பதிவின் முதல் வரியில் ஒரு தேதி கண்ணில் படும். அது பதிவு வெளியான அல்லது திருத்தப்பட்ட நாள். மாதிரி எடுத்த நாள் கீழே தனியாக இருக்கிறது. நான் மேலே இருந்ததை எடுத்தேன். பல ஆண்டுகள் உறைபெட்டியில் கிடந்த மாதிரிகள் நேற்று வந்தவை போலாகிவிட்டன. மறைந்துபோன கிளை ஒன்று "திரும்பி வந்துவிட்டது" என்று நானும் நம்பினேன். மரத்தை டெம்பெஸ்டில் (தேதி கூடக்கூட மாற்றங்கள் எவ்வளவு கூடுகின்றன என்று கோடு போட்டுக் காட்டும் மென்பொருள்) போட்டபோது அந்த மாதிரிகளின் புள்ளிகள் மட்டும் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தன. அப்போதுதான் விழித்தேன்.

சரியான தேதியை வரிசையின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள், இடைவெளி விடாமல். இடைவெளிக்குப் பின் வருவதை, மரம் வரையும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீ வெட்டிவிடும்.

படி 4: மாஃப்ட் என்ற மென்பொருளில் வரிசைகளை ஒன்றுக்கொன்று நேராக ஒழுங்கமைத்து, ஆலிவியூ என்ற பார்வைக் கருவியில் கண்ணால் ஒருமுறை பார்த்து, ஐக்யூ-ட்ரீயில் ஓட்டுங்கள். எழுத்துகள் மாறும் விதத்தைக் கணிக்கும் கணித மாடலை அதுவே தேர்ந்தெடுக்கட்டும்.

பின்சேர்க்கை: செய்து பார்த்த ஒருவருக்கு மரத்தில் சில பெயர்கள், அவர் தனியாக வைத்திருந்த தேதி அட்டவணையோடு பொருந்தவில்லை. தலைகீழாக இருந்த வரிசையைத் திருப்பும் வசதியை மாஃப்டில் இயக்கியிருந்தார். திருப்பிய வரிசைகளின் பெயருக்கு முன்னால் அது ஓர் அடையாளம் ஒட்டிவிடுகிறது. படி 4-இன் நடுவில், மரம் ஓட்டுவதற்கு முன், அதை நீக்கிவிடுங்கள்.