மானியத்தைக் கையிருப்பாக எண்ண வேண்டாம்: செட்டிநாட்டுக் குறுந்தொழில் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார், பற்றையும் வரவையும் பேரேட்டில் அன்றன்றே எழுதி, குறித்த காலத்தில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) கட்டிப் பார்த்துத்தான் அடுத்த காசை வெளியே விட்டார்கள். அவர்களுடைய செட்டிநாட்டு ஊர்களில் இன்று பலகாரம் சுடுபவரும், பனையோலைக் கொட்டான் பின்னுபவரும், கண்டாங்கிச் சேலை நெய்பவரும், ஆத்தங்குடி டைல்ஸ் செய்பவரும் அரசின் கடனுதவி கேட்டுப் போகும்போது, பலருடைய கையில் ஒரு கணக்கு நோட்டுக்கூட இருப்பதில்லை. இவர்களுக்கு நேரும் இழப்புகளில் பெரும்பாலானவை, மானியத்தைக் கைக்கு வரும் பணமாக எண்ணிக் கணக்குப் போடுவதிலிருந்தே தொடங்குகின்றன.

பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கிராமப்புறத்தில் ஒரு பெண் 4 லட்சம் ரூபாய்ச் செலவில் பலகாரக்கூடம் தொடங்குகிறார் என்றால், அவர் 5 விழுக்காடாகிய 20,000 ரூபாயைத் தாம் போட வேண்டும். மீதி 3,80,000 ரூபாயை வங்கி கடனாகத் தரும். அவருக்குரிய 35 விழுக்காடு மானியம், அதாவது 1,40,000 ரூபாய், அவர் கைக்கு வராது. அது வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாக இருந்து, தொழில் நடக்கிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கடனில் கழிக்கப்படும். கடனில் அந்தத் தொகைக்கு ஈடான பகுதிக்கு வட்டி கிடையாது என்பது உண்மையான சலுகைதான். ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே அடுப்பை அணைத்துவிட்டால் மானியம் அரசுக்குத் திரும்பிவிடும்; கடன் முழுவதும் அவர் தலைமேல் நிற்கும். மானியம் வந்ததும் மகளின் கல்யாணக் கடனை அடைத்துவிடலாம் என்று நம்பி விண்ணப்பிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்திலும் இதே வகையான பிழை நடக்கிறது. 25 கைவினைத் தொழில்களுக்கான இத்திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 விழுக்காடு மானியமும், 5 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. 3 லட்சம் கடன் வாங்கினால் 75,000 ரூபாய் தள்ளுபடியாகும் என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள்; மானியத்தின் உச்சவரம்போ 50,000 ரூபாய். அதாவது, 2 லட்சம் ரூபாய்க்கே முழு மானியமும் கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாயையும் தம் உழைப்பிலிருந்துதான் திருப்ப வேண்டும். கொட்டான் பின்னுபவருக்கு ஓலையும் சாயமும் வாங்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கேட்பதே சரி.

அவசரமும் கெடுக்கிறது. வங்கி ஒப்புதல் வருவதற்கு முன்பே முன்பணம் கொடுத்து மாவரைக்கும் எந்திரத்தை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு மானியம் கேட்பவர்கள் உண்டு. பிரதமர் திட்டத்தின் முதற்கடன் புதிய தொழிலுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே ஓடும் தொழிலும், வேறொரு அரசு மானியம் பெற்ற தொழிலும் அதில் சேரா. விலைப்புள்ளி (கொட்டேஷன்), ஒப்புதல், கொள்முதல் என்ற வரிசை மாறக்கூடாது. 2021-22 முதல் 2025-26 வரை ஒப்புதல் பெற்றிருந்த திட்டம் அது என்பதால், அதன் நடப்பு நிலையை, இத்தகைய விண்ணப்பங்களைக் கவனிக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்த பிறகே எதையும் தொடங்குவது நல்லது.

எந்த மாவட்டத் தொழில் மையம் என்பதிலும் நம் பகுதிக்காரர்கள் தடுமாறுகிறார்கள். செட்டிநாடு என்பது பண்பாட்டு எல்லை; வருவாய்த்துறைக்கு அப்படி ஒன்று கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஆகியவை சிவகங்கை மாவட்டத்தில் இருக்க, கோனாபட்டும் இராயவரமும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. அவ்வூர்க்காரர்கள் சிவகங்கைக்கு அலைந்தால் பேருந்துக் கட்டணம்தான் வீண். தொழில் நடக்கும் இடம் ஊரகமா நகர்ப்புறமா என்பதும் பிரதமர் திட்டத்தில் மானிய விழுக்காட்டை மாற்றும். காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது சுற்றியுள்ள சில பகுதிகளும் அதனோடு சேர்ந்ததால், பழைய முகவரியை நம்பிக் கணக்கிடாமல் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்கு அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் கொண்டு நாமே பதிவு செய்யலாம். முறுக்குச் சுற்றி விற்கும் ஓர் அக்கா இந்தப் பதிவுக்காக 3,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து, சான்றிதழை என்னிடம் பெருமையோடு காட்டினார். அது அவருடைய ஒரு வார உழைப்பு. எந்திரத்தின் விலையை ஏற்றிப் பட்டியல் போட்டு, மிச்சத்தைப் பங்கு பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே விலகிவிட வேண்டும். தரகர் போய்விடுவார், கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முத்ரா கடனில் மானியம் இல்லை. 2015இல் தொடங்கிய இத்திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிசோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் சொத்துப் பிணையின்றிக் கடன் பெறலாம். பிணை இல்லை என்பதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை என்று பொருள் கொள்வது பெரும்பிழை.

மகளிர் குழு வழியாகவோ நுண்கடன் நிறுவனங்களிலோ வாங்கிய கடனை வங்கியில் சொல்லாமல் மறைப்பதும் பயன்படாது, ஏனெனில் அவையும் கடன் தகவல் அறிக்கையில் பதிவாகின்றன. அந்த அறிக்கையை சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். விண்ணப்பிக்கும் முன்பே வாங்கிப் படித்தால், அடைத்த கடன் அடையாததாகக் காட்டப்பட்டிருந்தாலும் திருத்தச் சொல்ல நேரம் இருக்கும்.

வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையைப் பிறரிடமிருந்து நகல் எடுப்பதுதான் இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது. தொழிலுக்குத் தொழில் செலவும் வரவுக் காலமும் மாறும் என்பதை நகல் காட்டாது. ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி எடுப்பது. அச்சும் தட்டும் வாங்கக் கடன் கேட்பவர், மணலுக்கும் சிமெண்டுக்கும் கூலிக்கும் வேண்டிய நடைமுறை மூலதனத்தைக் கேட்க மறந்துவிட்டால், இரண்டாம் மாதமே வெளி வட்டிக்குப் போக நேரும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பிடித்துக்கொண்டால் கல் உலராது, தவணை மட்டும் நிற்காது. பலகாரத்துக்குத் தீபாவளியும் முகூர்த்த மாதங்களும் அறுவடை என்றால், மார்கழியில் திருமண ஆர்டர்களே இருக்காது. தவணை 90 நாளுக்குமேல் நிலுவையானால் வங்கி அதை வாராக்கடனாகக் கணக்கிடத் தொடங்கிவிடும். எந்த மாதத்தில் எவ்வளவு வந்தது என்று எழுதிய ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மேலாளரைப் பார்த்து, முதல் சில மாதங்களுக்குத் தவணை விலக்கும், மழை மாதங்களுக்கு ஏற்ற தவணை அட்டவணையும் கேட்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகு அதே பேச்சைத் தொடங்குவது மிகவும் கடினம்.