மனைவியை அடித்தவர் எதிரே உட்காரும்போது: ஆலோசனை தரும் பெண் கவுன்சிலர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

கோர்ட் அனுப்பியோ மகளிர் காவல் நிலையத்தில் சொல்லியோ வந்து உட்கார்கிறவர் முதல் பத்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேசமாட்டார், உங்களைத்தான் எடை போடுவார். "மேடத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் "அப்போ குடும்பம்னா என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்", ஆகிவிட்டது என்றால் "உங்க வீட்டுக்காரருக்குக் கோபமே வராதா". எந்தப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அதனால் பதிலே வேண்டாம். "என்னைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று போய்விடுங்கள். வீட்டில் மனைவியை எப்படி மடக்குகிறாரோ அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது, அதைக் கண்டுகொள்ளப் பழகுங்கள்.

2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 14, மாஜிஸ்திரேட் கவுன்சிலிங்குக்கு அனுப்ப வழி செய்கிறது. அதற்கான 2006 விதிகளில் 14ஆம் விதியை முழுசாகப் படித்துவையுங்கள். அடித்ததற்கு நியாயம் சொல்ல அவருக்கு இடமில்லை, இதைக் கவுன்சிலிங் தொடங்கும் முன்பே அவரிடம் தெரிவித்துவிட வேண்டும் என்கிறது அது. ஒரு பெண் தன் சொந்த வார்த்தையில் "சாக்குச் சொல்லாதீங்க" என்றால் "மேடம் பொம்பளைங்க பக்கம்" என்று முடித்துவிடுவார்கள். விதியை எடுத்து வாசித்துக் காட்டினால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

முறைக்கிறவரைவிடப் புகழ்கிறவரிடம்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும். "உங்களை மாதிரி பொறுமையா பேசினா நான் ஏன் மேடம் கை ஓங்கப்போறேன்?" கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நிமிஷமே அவர் மனைவிக்கு எதிராக உங்களை நிறுத்திவிட்டார். ஆள் நிதானமாக இருக்கிறார், அறையும் பாதுகாப்பாக இருக்கிறது என்றால் மட்டும் கேளுங்கள்: "நான் இப்போ கத்தினா என்னை அடிப்பீங்களா?" "ஐயோ, உங்களைப் போயா!" என்பார். "அப்போ கத்துறது காரணம் இல்லையே. அவங்களை மட்டும் ஏன்?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நீங்களே பேசி நிரப்பாதீர்கள், நமக்கு அது ரொம்பக் கஷ்டம், யார் முகம் வாடினாலும் சமாதானம் செய்யத்தானே வளர்த்திருக்கிறார்கள். குடிதான் காரணம் என்று சொன்னாலும் இதே வழிதான்: குடித்துவிட்டு சூப்பர்வைசரை அடித்தீர்களா?

மனைவியைக் கிண்டல் செய்தால் மரியாதைக்குக்கூடச் சிரிக்காதீர்கள். நீங்கள் சிரித்தது, தலையாட்டியது எல்லாம் வீட்டுக்குப் போய் "கவுன்சிலிங் மேடமே சொல்லிட்டாங்க, தப்பு உன் மேலதான்னு" என்று மாறிவிடும். அதனால் கிளம்பும்போது "அடித்தது என் முடிவு" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மினசோட்டாவின் டுலூத் நகரில் 1980களில் உருவான முறையில், இப்படிப்பட்ட ஆண்கள் குழுவை ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்தே நடத்துவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கேள்வியை நீங்கள் கேட்டாலும் எதிரே இருப்பவர் பதிலைக் கூட இருக்கும் ஆண் கவுன்சிலர் "சார்" முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். சார் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்னாலேயே பேசிவையுங்கள்: "கேட்டது மேடம், அவங்ககிட்ட சொல்லுங்க". நீங்கள் பேசும்போது சார் குறுக்கே வரக்கூடாது, தொடக்கி முடித்துவைப்பது நீங்கள், டீ சொல்லிவிடுவதும் ஃபைல் எடுத்து வருவதும் உங்கள் தலையில் மட்டும் விழக்கூடாது. எதிரே இருப்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பாதுகாப்பு விஷயத்தில் கூச்சமே வேண்டாம். கதவுப் பக்கத்து நாற்காலி உங்களுடையது. சொந்த நம்பர் தராதீர்கள், அலுவலகம் காலியாகும் நேரத்தில் வரச்சொல்லாதீர்கள், குடித்துவிட்டு வந்தால் அன்றைக்குப் பேச்சே இல்லை. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அவள் இங்கே வாய் திறந்ததற்கு ராத்திரி வீட்டில் பதில் கிடைக்கும் என்றால் எழுத்தில் காரணம் சொல்லி மறுத்துவிடுங்கள். அவர் உங்கள் முன்னால் அடக்கமாக இருப்பதை வைத்து மாறிவிட்டார் என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள், வேறொரு கவுன்சிலர் மனைவியிடம் தனியாகக் கேட்டறியட்டும்.

சில குரல்கள் நம் அப்பாவையோ அண்ணனையோ நினைவுபடுத்தும். கை சில்லிட்டுப் போகிறது, இல்லை அவரை ஜெயித்தே தீரவேண்டும் என்று வெறி வருகிறது என்றால் அந்த வாரமே மேற்பார்வை செய்யும் சீனியரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் கேஸை வேறொருவரிடம் மாற்றிக்கொடுங்கள்.